ஒரு சோறு பதமாகுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. புள்ளியியல் மாணவன் எழுதியது)



"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கிவரும் பழமொழி. சென்ற ஆண்டு முதற்பருவத் தேர்வில் நான் எழுதிய ஆறு தாள்களில் கணிதத் துணைப்பாடம் ஒன்றில் தோல்வியுற்றேன். அப்போது இந்தப் பழமொழி என்மீதே வந்து விழுந்தது. சொன்னவர் என் பெரியப்பா.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் கொத்தனார். தாயார் சித்தாள் வேலைக்குச் செல்பவர். தேர்வு முடிவு வந்த அன்று மாலை, பெரியப்பா திண்ணையில் அமர்ந்துகொண்டு அப்பாவிடம், "தம்பி, ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். மொதப் பரீட்சையிலேயே தெரிஞ்சுபோச்சு. இவனுக்குப் படிப்பு ஏறாது. நாளையிலேருந்து உன்னோட வேலைக்குக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார். அவர் கெட்டவர் அல்லர். நான் கல்லூரியில் சேரும்போது கைமாற்றாகப் பணம் கொடுத்தவரே அவர்தாம். எனினும், நான் தேறிய ஐந்து தாள்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "ஒரு கல்லு பிசகியிருக்குன்னு செவத்தை இடிக்க முடியாதுண்ணே. தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்போம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தினால்தான் இன்று இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சோற்றைப் பார்த்துப் பானையை அறிவதா, தூக்குக்குண்டு விட்டுச் சுவரை அறிவதா? எத்தனை முறை சோதித்தபின் ஒருவரைப் பற்றி முடிவு கூறலாம்? இந்தக் கேள்வி என் மனத்தில் ஓராண்டாக இருந்தது. இந்த ஆண்டு எங்கள் துறையில் ஈருறுப்புப் பரவல் பாடம் நடந்தபோது, நடைமுறை வாழ்விலிருந்து ஆளுக்கோர் எடுத்துக்காட்டுக் கொண்டுவரும்படி ஆசிரியர் பணித்தார். நண்பர்கள் நாணயம், பகடை, பழுதான மின்விளக்கு என்று கொண்டுவந்தனர். விடுதி நண்பன் ஒருவன் தன் கைப்பேசியில் காட்டிய ஓர் ஆட்டத்தின் கடைசிப் பத்து வினாடிகள் என் நினைவுக்கு வந்தன. அதைப் பற்றிப் படிக்கப் படிக்க, என் கேள்வியே அங்கே ஒரு நகரம் முழுவதையும் ஆட்டிப் படைத்திருப்பதைக் கண்டேன். அந்நகரம் அமெரிக்காவிலுள்ள சிகாகோ. கேள்விக்கு உள்ளானவர் ஓர் உதைவீரர்.

ஆட்டமும் உதையும்

அமெரிக்கர் "ஃபுட்பால்" என்று அழைப்பது நாம் ஆடும் கால்பந்து அன்று. பந்து இரு முனையும் கூர்ந்திருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், எறியலாம். அணிக்குப் பதினொருவர். களத்தின் நீளம் 100 கெஜம். அதற்கு அப்பால் இரு கோடியிலும் பத்துப் பத்துக் கெஜ இறுதிப் பகுதி. பந்தை எதிரணியின் இறுதிப் பகுதிக்குள் கொண்டு சேர்த்தால் "டச் டவுன்". அதற்கு 6 புள்ளிகள். அவ்வளவு தூரம் முன்னேற இயலாதபோது, பந்தைத் தரையில் நிறுத்தி உதைத்துக் கம்பங்களுக்கு இடையே செலுத்தலாம். அதற்கு "ஃபீல்டு கோல்" என்று பெயர். 3 புள்ளிகள் கிடைக்கும். டச் டவுனுக்குப் பின் உதைக்கும் கூடுதல் உதைக்கு ஒரு புள்ளி.

உதைவீரரின் பணி இதுவே. ஆட்டத்தின் பெரும்பகுதியில் அவர் களத்துக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். தோழர்கள் மோதி, விழுந்து, எழுந்து பந்தை முன்னே கொண்டுவந்தபின், முடிக்கவேண்டிய நேரத்தில் இவரை அழைப்பார்கள். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு ஃபீல்டு கோல் முயற்சிகளே அவருக்கு வாய்க்கும். ஒரு பருவம் முழுவதும் சேர்த்தாலும் ஏறத்தாழ முப்பதுதான். இந்த முப்பது என்ற எண்ணைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பிறகு அது நமக்குத் தேவைப்படும்.

அந்த உதையும் அவர் ஒருவரின் செயல் அன்று. ஒருவர் குனிந்து நின்று பந்தைத் தம் கால்களுக்கிடையே பின்னோக்கி எறிவார். ஏழெட்டுக் கெஜம் பின்னால் மண்டியிட்டிருக்கும் மற்றொருவர் அதைப் பிடித்து, தரையில் நிறுத்தி, பந்தின் தையல் உதைவீரரின் காலில் படாதவாறு திருப்பிவைப்பார். மூன்றாமவர் ஓடிவந்து உதைப்பார். எறிந்த கணத்திலிருந்து உதைக்கும் கணம் வரை ஏறத்தாழ 1.3 வினாடி. நாம் இருமுறை கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இலக்கு எவ்வளவு அகலம்? கம்பங்களுக்கிடையே 18½ அடி. குறுக்குக் கம்பியின் உயரம் தரையிலிருந்து 10 அடி. 18½ அடி என்றதும் பெரிய வாசல்போல் தோன்றும். ஆனால் 43 கெஜத்துக்கு அப்பாலிருந்து, அதாவது 129 அடிக்கு அப்பாலிருந்து பார்த்தால் என்ன? நடுவிலிருந்து ஒருபுறக் கம்பம் வரை 9¼ அடி. 9¼ஐ 129ஆல் வகுத்துக் கோணம் கண்டால் ஏறத்தாழ 4 பாகை. கடிகாரத்தின் பெரிய முள் ஒரு நிமிடத்தில் 6 பாகை நகர்கிறது. உதைவீரரின் பந்து நேர்க்கோட்டிலிருந்து அந்த ஒரு நிமிட அளவுக்குக்கூட விலகக் கூடாது. காற்று, ஈரம், பாய்ந்துவரும் எதிரணியினரின் கைகள் ஆகிய அனைத்தையும் கடந்து அது செல்லவேண்டும்.

சிகாகோவின் வழக்கு

2019 ஜனவரி 6. சிகாகோ பேர்ஸ் அணிக்கும் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கும் இடையே வெளியேற்றுச் சுற்று ஆட்டம். தோற்ற அணி அத்துடன் வீட்டுக்குப் போகவேண்டும். சிகாகோ 15, பிலடெல்பியா 16. ஆட்டம் முடியப் பத்து வினாடிகளே எஞ்சியுள்ளன. சிகாகோவின் உதைவீரர் கோடி பார்க்கி 43 கெஜத்திலிருந்து உதைக்க வருகிறார். சென்றால் வெற்றி, தவறினால் தோல்வி.

பார்க்கி உதைத்தார். பந்து கம்பங்களுக்கிடையே சென்றது! ஆனால் அது கணக்கில் சேரவில்லை. உதைப்பதற்குச் சற்று முன்னரே எதிரணிப் பயிற்சியாளர் இடைவேளை கேட்டுவிட்டார். உதைவீரரைக் காக்கவைத்து அவர் மனத்தைத் தளரச் செய்வதற்காக அந்நாட்டில் கையாளும் வழக்கமான உத்தி அது. பார்க்கி மீண்டும் அதே இடத்திலிருந்து உதைத்தார். இம்முறை பந்து இடப்புறக் கம்பத்தில் மோதியது, கீழிறங்கிக் குறுக்குக் கம்பியில் மோதியது, களத்துக்குள்ளேயே விழுந்தது. சிகாகோ தோற்றது. சொந்த மைதானத்திலேயே ரசிகர்களின் கூச்சல் பார்க்கியைத் துரத்தியது.

இரு செய்திகளை இங்கே குறிப்பிட வேண்டும். சிகாகோ எடுத்த 15 புள்ளிகளில் 9 புள்ளிகள் அன்று பார்க்கியின் மூன்று உதைகளால் வந்தவை. மேலும், அந்தக் கடைசி உதையில் எதிரணி வீரர் டிரெய்வன் ஹெஸ்டரின் கைவிரல் பந்தின்மீது பட்டிருந்தது. ஆகவே அதைத் "தவறிய உதை" என்னாமல் "தடுக்கப்பட்ட உதை" என்று சங்கத்தார் பின்னர் திருத்திப் பதிவுசெய்தனர். ஆனால் திருத்தம் வெளிவருமுன்பே நகரம் தீர்ப்பு எழுதிவிட்டது.

ரசிகர்களின் வாதங்களை மூன்று கட்சிகளாகப் பிரிக்கலாம்.

முதற் கட்சியினர், "இவரை நம்ப முடியாது, நீக்குங்கள்" என்றனர். அவர்களுக்கும் காரணம் இருந்தது. 2018 நவம்பர் 11 அன்று டெட்ராய்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் பார்க்கியின் உதைகள் நான்கு முறை கம்பத்தில் மோதித் திரும்பியிருந்தன. ஒரே ஆட்டத்தில் நான்கு! அன்றே அவர் யாரென்று தெரிந்துவிட்டது என்றனர். அதாவது, பானையின் பதம் தெரிந்துவிட்டதாம்.

இரண்டாம் கட்சியினர், "குற்றம் அவருடையது அன்று, விரல் பட்டது, முன்னே நின்று தடுக்கவேண்டியவர்கள் தடுக்கவில்லை, மற்றவர்கள் போதிய புள்ளி எடுக்கவில்லை" என்றனர்.

மூன்றாம் கட்சியினர், "உன்னால் முடியுமா?" என்று கேட்டனர். இது வெறும் வாய்ப்பேச்சாக நிற்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, பீர் தயாரிக்கும் சிகாகோ நிறுவனம் ஒன்று தெருவிலேயே கம்பம் நட்டு, 43 கெஜத்திலிருந்து உதைத்துப் பார்க்கப் பொதுமக்களை அழைத்தது. பனி கொட்டிய அன்று ஏறத்தாழ நூறு பேர் வரிசையில் நின்று உதைத்தனர். ஒருவர் பந்துகூடக் கம்பங்களுக்கிடையே செல்லவில்லை.

கேட்பதற்கு இது சுவையான செய்தி. ஆயினும் வாதம் என்ற முறையில் பலவீனமானது. வைத்தியர் தவறு செய்தால், "உனக்கு ஊசி போடத் தெரியுமா?" என்று நோயாளியைக் கேட்பது விடையாகாது. பார்க்கியை ஒப்பிடவேண்டியது தெருவில் போகிறவர்களோடு அன்று. அதே தொழிலில் உள்ள மற்ற உதைவீரர்களோடுதான். அந்த ஒப்பீட்டைச் செய்ய நமக்குப் புள்ளியியல் உதவுகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

அக்காலத்தில் அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தின் உதைவீரர்கள் அனைவரும் சேர்ந்து 100 ஃபீல்டு கோல் முயற்சிகளுக்கு ஏறத்தாழ 85இல் வென்றனர். சங்கத்தில் 32 அணிகள். இப்போது ஒரு கற்பனை செய்வோம். 32 உதைவீரர்களும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்று கொள்வோம். ஒவ்வொருவருடைய உண்மைத் திறனும் மிகச் சரியாக 85 விழுக்காடு. ஒருவருக்கும் மற்றவருக்கும் மயிரிழை வேறுபாடும் இல்லை. ஒவ்வொருவரும் பத்து முறை உதைக்கட்டும். என்ன நிகழும்?

ஈருறுப்புப் பரவலைக் கொண்டு கணித்தால், பத்தும் வெல்வதற்கான நிகழ்தகவு 0.197. ஏழு அல்லது அதற்கும் குறைவாக வெல்வதற்கான நிகழ்தகவு 0.18. இவற்றை 32ஆல் பெருக்குங்கள். சராசரியாக ஆறு பேர் பத்துக்குப் பத்து எடுப்பார்கள். ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் வேறு ஆறு பேர் பத்துக்கு ஏழோ, அதற்கும் குறைவாகவோ எடுப்பார்கள். முதல் ஆறு பேருக்கு மாலை விழும். அடுத்த ஆறு பேருக்கு வசை விழும். ஆனால் பன்னிருவரும் ஒரே திறன் உடையவர்கள் என்றுதானே நாம் தொடங்கினோம்! ஆறு வீரரையும் ஆறு கோழைகளையும் படைத்தது திறன் அன்று, தற்செயலே.

இதை முதலில் கணித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரவு விடுதியில் அமர்ந்து, ஒன்று முதல் நூறு வரை எண்கள் எழுதிய சீட்டுகளைக் குலுக்கி எடுத்துப் பார்த்தேன். 85 வரை வந்தால் வெற்றி, மேலே போனால் தோல்வி. ஒவ்வொரு முறையும் எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். சீட்டுக்குத் திறமையும் இல்லை, பயமும் இல்லை. இருந்தும் ஒருமுறை தொடர்ந்து மூன்று தோல்விகள் வந்தன. அருகிலிருந்த நண்பன், "இன்னிக்கு உன் சீட்டுக்கு மனசு சரியில்லை போலிருக்கு" என்றான். சிரித்துவிட்டோம். ஆனால் ஓர் ஆட்டக்காரருக்கு இப்படி நேர்ந்தால் நாம் சிரிப்பதில்லை. அவருடைய மனத்தைப் பற்றியும் நெஞ்சுரத்தைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம்.

சரி, பத்து உதைகள் போதா. ஒரு பருவம் முழுவதையும் எடுத்துக்கொள்வோம். பார்க்கி 2018 பருவத்தில் 30 முயற்சிகளில் 23இல் வென்றார், 76.7 விழுக்காடு. சராசரியான 85ஐவிடக் குறைவுதான். ஆனால் 30 முயற்சிகளில் தற்செயலால் மட்டும் எவ்வளவு ஏற்றத்தாழ்வு வரும்? அதை அளப்பதற்குத் திட்டப் பிழை என்னும் அளவை உள்ளது. 0.85ஐ 0.15ஆல் பெருக்கி, 30ஆல் வகுத்து, வர்க்கமூலம் காணவேண்டும். விடை 0.065, அதாவது 6½ விழுக்காடு. சராசரியிலிருந்து இதைப்போல் இரு மடங்கு வரை, அதாவது 13 விழுக்காடு வரை, விலகினால் அதைத் தற்செயல் என்றே கருதுவது எங்கள் பாடத்தில் வழக்கம். ஆகவே உண்மையில் 85 விழுக்காட்டுத் திறன் உள்ள ஒருவர், எந்தக் குறையும் இல்லாமலேயே, ஒரு பருவத்தில் 72 எடுக்கலாம். மறு பருவத்தில் 98 எடுக்கலாம். பார்க்கியின் விலகல் 8.3, அது எல்லைக்கு உட்பட்டதே.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பார்க்கி நல்ல உதைவீரர் என்று கணக்குச் சொல்லவில்லை. அவர் மோசமானவர் என்று சொல்வதற்கு இந்த 30 உதைகள் போதா என்று மட்டுமே சொல்கிறது. 80 விழுக்காட்டுக்காரரையும் 85 விழுக்காட்டுக்காரரையும் ஓரளவு தெளிவாகப் பிரித்தறிய ஏறத்தாழ 200 உதைகள் வேண்டும். ஆண்டுக்கு முப்பது என்றால், ஏறக்குறைய ஏழு ஆண்டுகள்!

புதியவர் வந்தார்

சிகாகோ அணி ஏழு ஆண்டுகள் காத்திருக்கவில்லை. 2019 மார்ச்சில் பார்க்கியை விடுவித்தது. நாடெங்குமிருந்து பல உதைவீரர்களை வரவழைத்து, அதே 43 கெஜத்திலிருந்து உதைக்கச் சொல்லிச் சோதித்தது. முடிவில் எடி பினேரோ என்ற இளைஞர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2019 செப்டம்பர் 15 அன்று டென்வர் நகரில், ஆட்டத்தின் கடைசி நொடியில் 53 கெஜத்திலிருந்து உதைத்து, 16–14 என்று அணியை வெற்றிபெறச் செய்தார். ரசிகர்களின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. அடுத்த மாதம் 27ஆம் நாள், சார்ஜர்ஸ் அணிக்கு எதிராக, மீண்டும் கடைசி நொடி. இம்முறை 41 கெஜந்தான். பந்து விலகிச் சென்றது. 16–17 என்று சிகாகோ தோற்றது.

பருவம் முடிந்தபோது பினேரோவின் கணக்கு: 28 முயற்சிகளில் 23 வெற்றி. பார்க்கியின் கணக்கு: 30 முயற்சிகளில் 23 வெற்றி. ஊரே கொந்தளித்து, வசைபாடி, ஒருவரை அனுப்பி மற்றொருவரை அமர்த்தியதன் பயன், கணக்கேட்டில் இரண்டு தவறுகள் குறைந்ததே. இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு 5½ விழுக்காடு. அந்த வேறுபாட்டின் திட்டப் பிழையோ 10½ விழுக்காட்டுக்கு மேல். அதாவது, இவ்விருவரில் யார் சிறந்தவர் என்று இந்த எண்களைக் கொண்டு சொல்லவே முடியாது.

இதே அணியின் முந்தைய கதை இன்னும் வியப்பானது. 2005 முதல் 2015 வரை பதினோரு பருவங்கள் சிகாகோவுக்கு உதைத்தவர் ராபி கூல்ட். அவ்வணியின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர். வெற்றி விகிதம் 85.4. 2015 டிசம்பரில் அடுத்தடுத்த ஆட்டங்களில் சில முக்கிய உதைகள் தவறின. 2016 பருவத்தின் தொடக்கத்தில் அணி அவரை நீக்கிவிட்டது. அதன்பின் அவர் வேறு அணிகளுக்கு உதைத்தார். 2016இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்குப் பத்துக்குப் பத்து. 2017இல் சான் பிரான்சிஸ்கோ அணிக்கு 41க்கு 39. 2018இல் 34க்கு 33. மூன்று பருவங்களில் 85 உதைகள். தவறியவை மூன்றே மூன்று! பார்க்கியின் பந்து கம்பத்தில் மோதிய அந்த நாளில், சிகாகோ ரசிகர் பலர் பெருமூச்சோடு நினைத்துக்கொண்ட பெயர் கூல்ட்.

ஆனால் கதை அங்கும் முடியவில்லை. 2019இல் அதே கூல்ட் 31 முயற்சிகளில் 23இல் மட்டுமே வென்றார், 74 விழுக்காடு. தொடைத்தசைக் காயமும் அவரைச் சில ஆட்டங்களில் விலக்கிவைத்தது. மிக உயர்ந்த எண்ணும் நிலைப்பதில்லை, மிகத் தாழ்ந்த எண்ணும் நிலைப்பதில்லை. இரண்டும் நடுவை நோக்கித் திரும்பும். இதனைப் புள்ளியியலார் சராசரியை நோக்கிய பின்னடைவு என்பர்.

அம்மாவின் அகப்பை

அப்படியானால் நம் முன்னோர் சொன்ன பழமொழி பொய்யா? இந்த ஐயத்தோடு ஒரு விடுமுறையில் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அம்மா உலைக்கு முன் அமர்ந்திருந்தார். அகப்பையால் பானையை அடிவரை ஒருமுறை கிண்டிவிட்டு, பிறகே ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "ஏம்மா, கிண்டிட்டு எடுக்கறே?" என்று கேட்டேன். "மேல இருக்கிறது நறுக்கரிசியா இருக்கும், அடியில இருக்கிறது குழைஞ்சிருக்கும். கிண்டாம எடுத்தா என்ன தெரியும்?" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். மாதிரி எடுக்குமுன் தொகுதியை நன்கு கலக்கவேண்டும் என்று எங்கள் பாடநூல் ஒரு முழு அத்தியாயத்தில் சொல்வதைப் பள்ளிக்கூடம் போகாத என் தாய் ஒரு கிண்டலில் செய்துவிட்டார். பழமொழி பொய் அன்று. ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு, நன்றாகக் கிண்டிய பானை என்றால் ஒரு சோறு போதும். அவற்றில் ஒன்று குறைந்தாலும் போதாது.

உதைகள் அப்படிப்பட்ட பானை அல்ல. ஒவ்வோர் உதையும் தனி அடுப்பில் தனி விறகில் வெந்த சோறு. இருபது சொச்சம் கெஜத்திலிருந்து உதைப்பது ஏறக்குறைய உறுதியான வெற்றி. ஐம்பது கெஜத்தைத் தாண்டினால் அண்மைக் காலத்திலும் ஏறத்தாழ மூன்றில் ஒன்று தவறுகிறது. ஒருவருக்கு எளிய உதைகளே வாய்த்து, மற்றவருக்குக் கடினமானவையே வாய்த்தால், விழுக்காட்டை மட்டும் பார்த்து என்ன பயன்? சிகாகோவின் மைதானம் மிச்சிகன் ஏரிக் கரையில் உள்ளது. குளிர்காற்று வீசும் இடம். கூல்ட் பின்னர் ஆடிய சான் பிரான்சிஸ்கோ அணியின் மைதானத்தில் குளிர்காலம் மிதமானது. அடுப்பே மாறிவிட்டது! அவருடைய 85க்கு 82 என்ற சாதனையை வெறும் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. 85 விழுக்காட்டுத் திறன் உள்ளவருக்கு அப்படி நேர்வது ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே அவர் தம் கலையில் மேலும் தேர்ந்திருக்கவேண்டும், அல்லது சூழ்நிலை உதவியிருக்கவேண்டும். இரண்டுமேகூட இருக்கலாம்.

முடிவே எடுக்கக் கூடாதா?

இதுவரை படித்த தோழர் ஒருவர், "அப்படியானால் யாரையும் நீக்கவே கூடாதா? தவறிக்கொண்டே இருந்தாலும் தற்செயல் என்று சொல்லிக்கொண்டே இருப்பதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இருவகைப் பிழைகள் உண்டு என்று எங்கள் ஆசிரியர் கூறுவார். நல்லவரைத் தவறாக நீக்குவது ஒரு பிழை. தகாதவரைத் தவறாக வைத்திருப்பது மற்றொரு பிழை. ஒன்றைக் குறைக்க முயன்றால் மற்றது கூடும். 200 உதைகளுக்குக் காத்திருந்தால் பயிற்சியாளரின் வேலையே போய்விடும்.

ஆடம் வினடியேரியின் கதை இதற்குச் சான்று. தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தில் மொத்தம் 2,673 புள்ளிகள் எடுத்தவர் அவர். 2019இல், தம் 46ஆம் வயதில், இந்தியானபோலிஸ் அணிக்காக முதல் இரு ஆட்டங்களிலேயே ஐந்து உதைகளைத் தவறவிட்டார். "வயதாகிவிட்டது, விலகட்டும்" என்றனர் சிலர், "இவ்வளவு சாதித்தவரை இரண்டு ஆட்டத்தில் எடைபோடலாமா?" என்றனர் சிலர். பயிற்சியாளர் அவரை நம்பினார். ஆனால் அந்தப் பருவத்தில் அவர் 25 ஃபீல்டு கோல் முயற்சிகளில் 17இல் மட்டுமே வென்றார், 68 விழுக்காடு. இதன் விலகல் திட்டப் பிழையைப்போல் இரு மடங்குக்கும் மேல். இம்முறை கணக்கே எச்சரிக்கை மணி அடித்தது. காரணம் அவருடைய முழங்காலில் இருந்தது. டிசம்பரில் அறுவை சிகிச்சைக்காகப் பருவத்தைப் பாதியில் நிறுத்தினார். மீண்டும் களத்துக்கு வரவில்லை. இங்கே ஐயப்பட்டவர்களே சரி.

ஆகவே நான் கற்ற பாடம் இதுதான். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது தவறுகளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, அவற்றின் காரணத்தைத் தேடுவது மேல். தவறிய உதைகள் எல்லாம் ஒரே பக்கம் போகின்றனவா? பந்தை எறிபவரும் பிடிப்பவரும் புதியவர்களா? காலில் வலி உண்டா? பயிற்சிக் களத்தில் எப்படி உதைக்கிறார்? ஆட்டத்தில் ஆண்டுக்கு முப்பது உதைகளே கிடைக்கும். பயிற்சியிலோ எத்தனையோ உதைகளைப் பார்க்கலாம். கல் பிசகியது என்று கூச்சலிடுவது எளிது. தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். பார்த்தபின் சுவர் சாய்ந்திருந்தால் இடிக்கத் துணிவும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததே தீர்ப்பு.

நிறைவாக

பெரியப்பா சொன்னதற்கும் அப்பா சொன்னதற்கும் இப்போது என்னால் விடை கூற முடியும். என் முதற்பருவத்தில் ஆறு தாள்களில் ஐந்தில் தேறினேன், ஒன்றில் தவறினேன். அந்த ஒன்று என்னைப் பற்றி எதையும் மெய்ப்பிக்கவில்லை. ஆனால் காரணத்தைத் தேடியபோது ஒன்று புலப்பட்டது. மேல்நிலை வகுப்பில் நான் தமிழில் கற்ற கணிதத்தைக் கல்லூரியில் ஆங்கிலத்தில் கேட்டபோது, புரியாததைக் கேட்கக் கூச்சப்பட்டு, கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். குறை தலையில் இல்லை, நாக்கில் இருந்தது. கூச்சத்தை விட்டு ஆசிரியரிடம் கேட்கத் தொடங்கினேன். சென்ற தேர்வில் அத்தாளில் தேறிவிட்டேன்.

செய்தி கேட்டுப் பெரியப்பா மிட்டாய் வாங்கி வந்தார். "நான் அப்பவே சொன்னேனே, புள்ளை கெட்டிக்காரன்னு!" என்றார். அனைவரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒன்றை நினைத்துக்கொண்டேன். தேறிய இந்தத் தாளும் ஒரு சோறுதான். இதைக் கொண்டு என்னைக் கெட்டிக்காரன் என்று சொல்வதும் அவசரத் தீர்ப்பே. இன்னும் மூன்று பருவங்கள் உள்ளன. அப்பாவின் தூக்குக்குண்டு இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

நம்மில் பலர் நம் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆட்கள். நாம் ஒருமுறை தவறினால் நம்மை மட்டுமன்று, நமக்குப் பின்னால் வரக் காத்திருக்கும் தம்பி தங்கையரையும் சேர்த்தே எடைபோடுவார்கள். ஆகவே தோழர்களே, பிறரைப் பற்றியும் நம்மைப் பற்றியும் தீர்ப்புக் கூறுமுன், பானையை ஒருமுறை அடிவரை கிண்டிப் பார்ப்போமாக!